மாதம் 99 ரூபாய் சர்வர்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நீங்க பேங்க்ல இருந்தவர். இந்த சர்வர் விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கி கவுண்டரில். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நடப்பதையெல்லாம் சி பிளாக் தம்பி ஒருவர்தான் இரண்டு மாதமாக எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஒன்று. விஷயம் கம்ப்யூட்டராக இருந்தாலும் நம்மிடம் வந்திருப்பது ஒரு விலைப்பட்டியலும் நிபந்தனைத் தாளும்தான். அவற்றைப் படிக்க எனக்குத் தெரியும்.

முதலில், நாம் எதற்காக இதைப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து பராமரிப்புக் கட்டணக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், போர்வெல் போட்ட பில், வீட்டுவாரியாக யார் எவ்வளவு பாக்கி, இந்தக் காலாண்டு இதழின் பழைய பிரதிகள் எல்லாமே முந்தைய செயலாளரின் லேப்டாப்பிலும் அவருடைய சொந்த மின்னஞ்சலிலும் இருக்கின்றன. அவர் இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். தங்கமான மனிதர். கேட்ட அன்றே அனுப்பிவிடுகிறார். ஆனாலும் 64 குடும்பங்களின் வரவு செலவு ஒரு தனி மனிதரின் செல்போன் ஓடிபியை நம்பி இருக்கலாமா? இதற்கிடையில் நம் பிள்ளைகள் ஒரு சிறிய மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். அவரவர் வீட்டு பாக்கியை அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் வரவில்லை என்றால் அதிலேயே புகார் எழுதலாம். அது ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் இந்த விபிஎஸ் பேச்சு. விளம்பரத்தில் மாதம் 99 ரூபாய், மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று ஒரு சலுகை வந்திருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்பதை அடுத்த செயற்குழுவில் முடிவு செய்ய வேண்டும்.

விபிஎஸ் என்றால் என்ன என்று அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு விளக்குவது சுலபம். ஒரு பெரிய கம்ப்யூட்டரை முழுதாக வாடகைக்கு எடுத்தால் அது தனி வீடு. சாதாரண ஷேர்ட் ஹோஸ்டிங் என்பது மேன்ஷன் மாதிரி. ஒரே அறையில் நாலு கட்டில், பொதுக் குளியலறை. விபிஎஸ் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஃபிளாட். கதவு நமக்கு, பூட்டு நமக்கு. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் பொது. மேல்மாடிக்காரர் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கினால் நமக்குத் தண்ணீர் வராது. சர்வரிலும் அப்படியே.

இங்கேதான் மலிவு விலையின் ரகசியம் இருக்கிறது. வங்கியில் போட்ட டெபாசிட் முழுவதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் வைத்துவிட்டு, ஒரு பங்கை அரசுப் பத்திரங்களில் போட்டுவிட்டு, மீதியைக் கடனாகக் கொடுக்கிறோம். எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. மலிவு விபிஎஸ்காரரும் அதையேதான் செய்கிறார். 64 ஜிபி நினைவகம் உள்ள பெட்டியில் 100 ஜிபிக்கும் மேல் விற்றுவிடுவார். பாதிப் பேர் வாங்கிவிட்டுச் சும்மா போட்டிருப்பார்கள் என்ற கணக்கு. இது மோசடி அல்ல, தொழில் முறைதான். வித்தியாசம் என்னவென்றால் வங்கிக்கு எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. சர்வர்காரருக்கு அப்படி ஒரு விதியும் இல்லை.

எவ்வளவு அதிகமாக விற்றிருக்கிறார் என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். வாங்கிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். லினக்ஸில் 'டாப்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் வரும் திரையில் 'எஸ்டி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். நம் வேலையைச் செய்யவேண்டிய நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விட்ட பிராசஸர் நேரம் எவ்வளவு சதவிகிதம் என்பதை அது காட்டும். பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் நல்லது. மாலை 7 மணிக்கு மேல் அடிக்கடி இரட்டை இலக்கத்துக்கு ஏறினால் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஜெயங்கொண்டத்தில் முந்திரி வாங்கும்போது மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து யாராவது விலை பேசுகிறோமா? கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். ஒரு மாத வாடகைக்கு எடுத்து, பகலிலும் இரவிலும் ஓட்டிப் பார்ப்பதுதான் அந்த ஒரு பிடி.

இன்னொரு சொல் உங்கள் காதில் விழும்: கேவிஎம். 2007லிருந்து லினக்ஸோடு சேர்ந்தே வருகிற தொழில்நுட்பம் இது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சுவர் எழுப்பிக் கொடுக்கும். ஓப்பன்விஇசட் போன்ற பழைய முறையில் சுவர் பாதிதான். அடித்தளமான கெர்னல் எல்லோருக்கும் ஒன்றே. நமக்குக் கேவிஎம் என்று எழுதியிருந்தால் போதும். இதற்கு மேல் நான் பேசினால் தம்பி சிரிப்பார்.

இப்போது விலைக்கு வருகிறேன், இது என் இடம். மாதம் 99 என்றால் 36 மாதத்துக்கு 3,564 ரூபாய். இதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி 641 ரூபாய் 52 காசு. ஆக 4,205 ரூபாய் 52 காசு. ஒரு கம்பெனியாக இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும். நம் சங்கம் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவில்லை. செய்யவேண்டிய அளவுக்கு வரவும் இல்லை. ஆகவே வரி முழுவதும் நம் செலவுதான். அடுத்து, சின்ன எழுத்தில் 'புதுப்பிக்கும்போது 299' என்று இருக்கிறது. நாலாவது வருடத்துக்கு மட்டும் வரியோடு 4,233 ரூபாய் 84 காசு. அதாவது முதல் மூன்று வருடத்துக்குக் கொடுத்ததைவிட நாலாவது ஒரு வருடத்துக்கு அதிகம்! நாலு வருடத்தையும் சேர்த்து 48ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 176 ரூபாய் வருகிறது. விளம்பரத்தில் உள்ள 99ஐ மறந்துவிடுங்கள், உண்மை விலை இந்த 176.

இதோடும் முடியவில்லை. பேக்கப் வேண்டுமா, தனிக் கட்டணம். கண்ட்ரோல் பேனல் வேண்டுமா, அதற்கும் தனி. சிபேனல் என்ற மென்பொருளை 2019 ஜூனில் கணக்குக்கு இவ்வளவு என்று விலை மாற்றினார்கள். உலகம் முழுவதும் சின்ன ஹோஸ்டிங்காரர்கள் திண்டாடிப் போனார்கள். நம் பிள்ளைகள் பேனல் இல்லாமலே சமாளிப்பதாகச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் ஐபி முகவரி விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய வகை ஐபிவி4 முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு 2011 ஏப்ரலிலேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. கடைசித் தொகுப்பை ரேஷன் மாதிரிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது அது காசு கொடுத்து வாங்கும் பண்டம். அடிமட்ட விலைக்குக் கொடுப்பவர்கள் ஐபிவி6 மட்டும் கொடுப்பார்கள், அல்லது ஒரு ஐபிவி4ஐப் பல பேருக்குப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். நம் குடியிருப்பில் ஜியோ வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் திறக்கும், உள்ளூர் கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்கள் சிலருக்குத் திறக்காமல் போகலாம். பாக்கி பார்க்க முடியாதவர் கட்டமாட்டார்!

'அன்லிமிடெட் டேட்டா' என்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், ஒரு டிபிதான் என்று பயப்படவும் வேண்டாம். நம் இதழ் 4 எம்பி. 64 வீடும் ஒரு தடவை இறக்கினால் 256 எம்பி. ஒரு டிபியில் இதை நாலாயிரம் தடவைக்கு மேல் செய்யலாம். நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதேபோல் '99.9 சதவிகிதம் ஓடும்' என்ற உத்தரவாதம். 30 நாள் மாதத்தில் 0.1 சதவிகிதம் என்பது 43 நிமிடம். அது தவறினால் என்ன இழப்பீடு என்று நிபந்தனையைப் படித்தேன்: மாதக் கட்டணத்தில் 5 சதவிகிதம் வரவு வைக்கப்படும். 99 ரூபாயில் 5 சதவிகிதம் 4 ரூபாய் 95 காசு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூன்று வருட வாடகையை முன்கூட்டிக் கட்டுகிறோமே, கணக்குப் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர்? நம் பக்கம் முன்பணம், அவர்கள் பக்கம் கடன். அடமானம் இல்லாத, வட்டி இல்லாத கடன். வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, 2020 பிப்ரவரியில்தான் அதை ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பெனி கதவைச் சாத்தினால் நாம் வரிசையின் கடைசியில் நிற்கும் கடன்காரர்கள்.

சாத்துவார்களா என்று கேட்கலாம். 2019 டிசம்பர் 7ஆம் தேதி, சனிக்கிழமை, அமெரிக்காவை மையமாக வைத்து மலிவு விபிஎஸ் விற்றுக்கொண்டிருந்த ஏறத்தாழ 20 நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமையோடு கடையை மூடுகிறோம், உங்கள் தரவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டே நாள் அவகாசம். அப்புறம்தான் மக்கள் உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். 20 பெயர்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த இணையப் பக்கங்கள், ஒரே மாதிரி நிபந்தனைகள். பின்னால் இருப்பது ஒரே ஆட்களாகத்தான் இருக்கவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இதில் கவனிக்கவேண்டியது, புத்திசாலித்தனமாக ஒரு சர்வரை ஒரு பெயரிலும் அதன் நகலை வேறு பெயரிலும் வாங்கி வைத்தவருக்குக்கூட இரண்டும் ஒன்றாகப் போகும் நிலைமை. ஒரே ஆள் நாலு பெயரில் சீட்டு நடத்தினால் நாலு சீட்டில் சேர்ந்தவருக்கு என்ன பாதுகாப்பு?

அதற்குப் பத்து வருடம் முன்பு, 2009 ஜூனில், இங்கிலாந்தில் விஏசெர்வ் என்ற மலிவு விபிஎஸ் நிறுவனம். அவர்கள் சர்வர்களை நிர்வகிக்கப் பயன்படுத்தியது ஹைப்பர்விஎம் என்ற மென்பொருள், செய்தது நம் பெங்களூருவில் இருந்த எல்எக்ஸ்லேப்ஸ். அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் யாரோ உள்ளே புகுந்தார்கள் என்று அந்த நிறுவனம் சந்தேகப்பட்டது. எப்படி நுழைந்தார்களோ, சுமார் ஒரு லட்சம் இணையதளங்கள் அழிந்தன. அந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாங்கியிருந்தது பேக்கப் சேராத, விலை குறைந்த திட்டம். போனது போனதுதான்.

பெரிய கம்பெனி என்றால் இந்தப் பயம் இல்லையா? 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்தது. ஓவிஹெச் ஐரோப்பாவிலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று. பேக்கப்புக்குத் தனியாகக் காசு கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் நகல்களும் எரிந்தன, ஏனென்றால் அவற்றையும் அதே கட்டடத்தில்தான் வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டு, 2023 ஜனவரியில் லீல் நகர வணிக நீதிமன்றம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நமக்கு லீல் வரை போய் வழக்காட முடியாது. ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்குப் போவதற்கே யோசிப்போம்.

ஆகவே சங்கம் எந்த சர்வரை வாங்கினாலும் வாரம் ஒரு நகல் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருக்கவேண்டும். மாதம் ஒரு நகல் பென்டிரைவில் அலுவலக பீரோவில் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலைத் திறந்து, ஏதாவது ஒரு வீட்டின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத நகல் எண்ணிப் பார்க்காத நோட்டுக்கட்டு.

எங்கே இருக்கிற சர்வர் என்பதைப் பற்றிப் பலர் கேட்டார்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஜெர்மனி இங்கிருந்து சுமார் 7,500 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 75 மில்லி விநாடி, கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் அதைப்போல் இரு மடங்காவது ஆகும். பாக்கி பார்ப்பதற்கு இது ஒன்றும் கெட்டுப்போகாது. சென்னையிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் இப்போது நிறைய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன, வேகம் அங்கே நன்றாக இருக்கும். ஆனால் நான் இந்திய நிறுவனம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் வேகம் அல்ல. பணம் கட்டும் வழி.

நம் சங்கக் கணக்கு இருவர் கையெழுத்துக் கணக்கு. அப்படிப்பட்ட கணக்குக்கு வங்கிகள் சாதாரணமாக டெபிட் கார்டு தருவதில்லை. வெளிநாட்டு நிறுவனமோ கார்டைத்தான் கேட்கும். அப்போது யாராவது ஒரு பொறுப்பாளர் தன் சொந்தக் கார்டில், தன் சொந்த மின்னஞ்சலில் வாங்கிவிட்டுப் பிறகு வவுச்சர் போடுவார். சர்வர் மறுபடியும் தனி மனிதர் பெயரில் போய்விடும். எதைச் சரிசெய்ய ஆரம்பித்தோமோ அங்கேயே திரும்பி வந்து நிற்போம். கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, டாலர் ஏற்ற இறக்கம் எல்லாம் தனி. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் மாதாமாதம் பிடிப்பதற்கு முறையாகப் பதிவு செய்த அனுமதி வேண்டும். அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் போகாமல் நின்றுவிடும். நின்றால் சில நாளில் சர்வர் நிறுத்தப்படும், இன்னும் சில நாளில் அழிக்கப்படும். நிபந்தனைத் தாளில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும், அந்த வரியை அவசியம் படிக்கவேண்டும்.

சங்கத்தின் பெயரில் பில் கொடுத்து, என்இஎஃப்டி வாங்கிக்கொள்கிற நிறுவனமாகப் பார்ப்போம். அவர்கள் அடையாள ஆவணம் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவுப்படி விபிஎஸ் விற்பவர்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி முதலியவற்றை வாங்கி, கணக்கை மூடிய பிறகும் ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும். கேஒய்சி கேட்காமல் சர்வர் கொடுக்கும் ஆளைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி கடைசிக் கணக்கு. மாதம் 400 ரூபாய் அளவில், 2 ஜிபி நினைவகம், தனி ஐபிவி4, மாதாமாதம் கட்டும் திட்டம் ஒன்றை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வரியோடு 472. வருடத்துக்கு 5,664. 64 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு வருடம் 88 ரூபாய் 50 காசு. அந்த 99 ரூபாய்ச் சலுகையில் முதல் மூன்று வருடம் வீட்டுக்கு வருடம் 21 ரூபாய் 90 காசு. வித்தியாசம் மாதத்துக்கு 5 ரூபாய் 55 காசு. பஸ் ஸ்டாண்டு கடையில் பாதி டீ.

மலிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது நகல் வைப்பதற்கு, பிள்ளைகள் பழகிப் பார்ப்பதற்கு அந்த மாதிரிச் சலுகைகள் அருமையானவை. அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே என்று நம் ஆடித் தள்ளுபடி மாதிரி ஒன்று வரும். அப்போது நல்ல விலையில் கிடைக்கும் என்கிறார் தம்பி. ஒரு வருடத்துக்கு மேல் கட்டாமல், தொலைந்தால் கவலையில்லை என்ற பொருளுக்கு மட்டும் வாங்கலாம். மூலக் கணக்கை அங்கே வைக்கக் கூடாது.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள். டொமைன் பெயரை சர்வர்காரரிடமே 'இலவசம்' என்று வாங்காமல் வேறு இடத்தில் சங்கத்தின் பெயரில் பதிவு செய்வோம். சர்வரை மாற்றினாலும் முகவரி நம்மிடம் இருக்கும். கடவுச்சொல்லை செயலாளரும் பொருளாளரும் வைத்திருக்கட்டும், ஒரு பிரதி முத்திரையிட்ட உறையில் பீரோவில் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்டுவிட்டேன்: இந்த விலையில் களை எடுப்பதும் நாம்தான், மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் போடுவது யார்? இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வேலை கிடைத்து வெளியூர் போகும்போது அடுத்த இருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

செயற்குழுவுக்கு என் பரிந்துரை: இரண்டு நிறுவனங்களில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, தினமும் மாலை 7 முதல் 10 வரை அந்த 'எஸ்டி' எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைப்பது. நோட்டை நானே எழுதுகிறேன். நள்ளிரவில் ஒரு உதவி வேண்டுகோள் அனுப்பி, எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்றும் பார்ப்போம். மாதக் கடைசியில் அந்த நோட்டை உங்கள் முன் வைக்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். கம்ப்யூட்டர் கேள்வியென்றால் தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.